செத்த கட்டையில் எரியும் விளக்கு

— அந்த மீட்டர்ல கை வைக்காத, ஜெமிமா.

— கம்பி லூசா இருக்கான்னு பாத்தேன் மாமா, அவ்வளவுதான்.

— எங்க அப்பா முறுக்கின கம்பி. லூசா இருக்காது. இந்தக் கடையை விட்டு வெளிய போற ஒவ்வொரு பேட்டரி கட்டையும் இந்த முள்ளை ஆட்டிக் காமிச்சிட்டுத்தான் போகும். கட்டையில இருந்து மீட்டர், மீட்டர்ல இருந்து பல்பு. அதுவும் வாங்குறவன் கண்ணு முன்னால. முள்ளு சிவப்புக் கோட்டைத் தாண்டலைன்னா அது செத்த கட்டை, டப்பாவுக்குப் போயிரும். ஞானமுத்து ஸ்டோர்ஸ் வழக்கம் இது. மருமக செஞ்ச விளக்குன்னு தனி வழக்கம் கெடையாது, கேட்டியா? ஏலே டில்லி, என்ன சிரிக்க?

— நான் எங்க நைனா சிரிச்சேன்? மூஞ்சே அப்டித்தான்.

— நைனான்னு இன்னொரு தடவ கூப்பிட்ட, பெஞ்சைத் தூக்கி ரோட்டுல வச்சிருவேன். ரேடியோ ரிப்பேர் பாக்கத்தான் எடம் குடுத்தேன், சொந்தம் கொண்டாட இல்ல.

— சரி முதலாளி. கோச்சுக்காத முதலாளி. கரண்டு கட்டாயி கடையே இருட்டா கீது. இப்ப சுவிச்சைப் போட்டா சோக்கா தெரியும். போடு ஜெமிமா டீச்சர்.

— போட்டுட்டேன் டில்லி.

— எங்க?

— எரியலை.

— இன்னா டீச்சர் டபாய்க்கிற? மதியம் சோறு துன்னும்போது எரிஞ்சிச்சே! கொழம்புல கெடந்த நெத்திலி மீன் முள்ளு வரிக்கும் தெரிஞ்சிச்சு!

— அதே விளக்குதான். அதே கட்டைதான். மாமா மீட்டர் வழியா மாட்டினதும் எரிய மாட்டேங்குது.

— அப்போ மீட்டர் உண்மையைச் சொல்லிருச்சு. எடுத்து உள்ள வை. தாமோதரன் வந்தா நான் பேசிக்கிடுதேன்.

— மாமா, ஒரு நிமிஷம். தாமோதரன் அண்ணன் இப்ப வந்துருவாரு. எண்ணூர் கழிமுகத்துல ராத்திரியில கைய விட்டு எறா, நண்டு புடிக்கிறவங்க சங்கம் மொத்தமும் இந்த ஒரு பதிலுக்குத்தான் காத்திருக்கு. அவரு என்ன சொன்னாருன்னு உங்களுக்கே தெரியும். "விளக்கை யாரு செஞ்சாலும் சரி, எபினேசர் ஐயா கடைப் பேரை மேல போட்டுக் குடுத்தா வாங்குறோம். போடலைன்னா வேணாம்"னாரு.

— அதனாலதான் சொல்லுதேன். பேரு என்னுது இல்ல, எங்க அப்பாவுது. நாசரேத்துல இருந்து மஞ்சப்பையோட வந்து ராயபுரத்துல இறங்கினவரு. "ஞானமுத்து கடைக் கட்டை"ன்னா கப்பல்ல போறவன் கண்ணை மூடிட்டு வாங்குவான். நாளைக்கு எவனாவது "பெரியவர் செத்த கட்டையில எரியுற விளக்கு விக்காரு"ன்னு ஆரம்பிப்பான். அடுத்தவன் அதை "பெரியவர் செத்த கட்டை விக்காரு"ன்னு ஆக்கிருவான். அப்புறம் நான் கோயில்ல மொத பெஞ்சுல எப்படி உக்காருவேன்?

— அப்பால புதுக் கட்டை வெலை போவாதுன்னு பயந்துகினு சொல்றன்னு நெனச்சேன் முதலாளி.

— ஏலே! வியாபாரத்துக்குப் பயந்தவன்னா நான் உனக்கு எடமே குடுத்திருக்க மாட்டேன். நான் பேருக்குப் பயந்தவன்.

— டில்லி, நீ சும்மா இரு. மாமா, நீங்க இந்த விளக்கு எப்படி எரியுதுன்னு ஒரு தடவகூடக் கேக்கலை. இப்பயாவது சொல்லட்டுமா?

— சொல்லு. கேக்கறதுக்குக் காது இருக்கு.

— இந்த வெள்ளை எல்.இ.டி. எரிய மூணு வோல்ட்டுக்கு மேல வேணும். புதுக் கட்டையே ஒண்ணரைதான். உங்க டப்பாவுல கெடக்கறதுல ஒரு வோல்ட், மிஞ்சினா ஒண்ணு புள்ளி ஒண்ணு. நேரா மாட்டினா ஒரு பொட்டுக்கூடத் தெரியாது. மூணு கட்டை போட்ட டார்ச்சை நெத்தியில கட்டினா தலை கனக்குது. குனிஞ்சா தண்ணிக்குள்ள விழுந்துருது. அதனால ஒத்தைக் கட்டையில எரியணும், அதுவும் மத்தவங்க தூக்கிப் போட்ட கட்டையில.

— ஒண்ணு எப்படி மூணாகும்? ஆண்டவர் குடுத்த அப்பமும் மீனுமா, பெருகுறதுக்கு?

— பெருகாது மாமா. அழுத்தம் கூடும், அளவு குறையும். நம்ம வீட்டு மோட்டார் குழாயில தண்ணி வேகமா ஓடிட்டு இருக்கும்போது சட்டுன்னு அடைச்சா என்ன ஆகும்?

— டமார்னு குழாய் குலுங்கும். போன வருஷம் அதுலதான் மாடிக் குழாய் மூட்டு விட்டுப் போச்சு.

— அதேதான். ஓடுற தண்ணி சட்டுன்னு நிக்காது, முட்டும். அந்த முட்டல்ல கொஞ்சத் தண்ணி தானா மேல ஏறும். இந்தக் கம்பிச் சுருள் இருக்கு பாருங்க, காயில்னு சொல்வாங்க, இதுதான் குழாய். டிரான்சிஸ்டர்தான் அடைப்பான். ஒரு செகண்டுக்கு ஆயிரக்கணக்கான தடவ தெறந்து தெறந்து மூடும். ஒவ்வொரு தடவையும் ஒரு முட்டு. ஒவ்வொரு முட்டுக்கும் கொஞ்சம் மேல.

— ஏறினது கீழ இறங்கிட்டா?

— அதுக்குத்தான் டயோடு. கெணத்துல ஃபுட் வால்வு மாதிரி. ஒரு பக்கம்தான் விடும்.

— அத்தச் சொல்லு டீச்சர், அந்த வால்வு கதையை! முதலாளி, மொத தபா ரேடியோல போடற சாதா டயோடைப் போட்டோம். சோம்பேறிப் பய அவன். மூட்றதுக்குள்ள பாதி தண்ணி திரும்பி வந்துச்சு. கைய வச்சா சுட்டுச்சு. நூறுல பாதிதான் விளக்குக்குப் போச்சு, மீதி சூடாப் பூட்ச்சு. அப்பால ரேடியோ சாமான் விக்கிற ரிச்சி தெரு பூரா சுத்தி சுறுசுறுப்பான ஆளைப் புட்ச்சாந்தேன்.

— அந்த டிரான்சிஸ்டர் கதையையும் மாமாவுக்குச் சொல்லு, டில்லி.

— அது இன்னும் பேஜாரு. ரேடியோல கீற எல்லா டிரான்சிஸ்டரும் தனக்கின்னு ஒரு பங்கு துன்னும். ஒரு வோல்ட்ல அது துன்னா மிச்சம் இன்னா கீது? ரெண்டு மாசம் மண்டைய ஒடச்சுக்கினோம். ஒருநாள் ஸ்டுடியோ அலி அக்பர் பாய் ஒடஞ்ச கேமரா ஃபிளாஷ் ஒண்ணைக் குடுத்து ரிப்பேர் பாருன்னாரு. தொறந்து பாத்தா ஒத்தக் கட்டைல முந்நூறு வோல்ட்டு ஏத்துது! அதுல கீற டிரான்சிஸ்டர் துன்னவே துன்னாது, நோம்பு புடிக்கிற ஆளு. அத்தப் புடுங்கி இதுல போட்டேன். டீச்சர் கணக்குப் போட்டு, காயில்ல தடிக் கம்பியா சுத்தச் சொல்லுச்சு. நூறுல எழுபத்தெட்டு விளக்குக்கே போவுது இப்ப. தோடா, எழுபத்தெட்டு! எங்க எம்.கே.பி. நகர் டேங்கு தண்ணில அம்பதுகூட வூட்டுக்கு வந்து சேராது.

— ஃபிளாஷை ரிப்பேர் பண்ணிக் குடுத்தியா இல்லியா?

— அதான் புடுங்கிட்டேனே.

— பாய் என்ன சொன்னாரு?

— பாய்க்கு ஒரு விளக்கு தர்றதா சொல்லிக்கீறேன். மொதல்ல செஞ்ச பீசைத்தான் குடுக்கலாம்னு பாத்தா, அதுதான் மாச ஆரம்பத்துல இருந்து காணோமே. பெஞ்சு மேலதான் வச்சேன். எலி இஸ்துகினு போயிருக்கும்.

— எலி விளக்கைத் தூக்கிட்டுப் போகுமா? பேசுத பேச்சு. அது… மழையில நனைஞ்சா தாங்குமா, ஜெமிமா?

— எது மாமா?

— இந்த மாதிரி விளக்குதான். பொதுவாக் கேக்கேன். பனி, மழை. விடிய விடிய எரிய விட்டா.

— நண்டு புடிக்கிறவங்க மூணு, நாலு மணி நேரம்தான் தண்ணில நிப்பாங்க. விடிய விடிய யாரு எரிய விடப் போறாங்க? எரிஞ்சாலும் தாங்கும். புதுசு இன்னும் நல்லாத் தாங்கும்.

— ம். சரி.

— விடிய விடிய எரியறதுன்னா உங்க வூட்டு மாடில தொங்குற ஸ்டாருதான் முதலாளி. அன்னிக்கு கேரல் பாட்டுக்காரங்க வந்தப்ப தெருவே கரண்டு இல்லாம கும்மிருட்டா கெடந்துச்சு. எங்க பாத்தாலும் பேப்பர் ஸ்டாரு செத்துப் போயி தொங்குது. உங்க வூட்டுது மட்டும் செவப்பா எரியுது. கொஞ்சம் மங்கலுதான். ஆனா எரிஞ்சிச்சே!

— மங்கல் என்னலே மங்கல்? சிவப்புத் தாள் அப்படித்தான் தெரியும். டிசம்பர் ஒண்ணாந்தேதி ஏத்தினா புது வருசம் பொறக்கிற வரைக்கும் ஞானமுத்து வீட்டு நட்சத்திரம் அணையாது. எங்க அப்பா காலத்துல மண்ணெண்ணெய் விளக்கை உள்ள வச்சு ஏத்தினோம். பாஸ்டர் ஐயா அன்னைக்கு எல்லார் முன்னாலயும் என்ன சொன்னாரு? "இருட்டுல வழி காட்டினது எபினேசர் வீட்டு நட்சத்திரம்தான்" அப்படின்னாரு.

— கார் பேட்டரி போட்டிருப்பாருன்னு பேசிக்கிட்டாங்க. நான்தான் மாடிக்குப் போகவே முடியலை. மாமா இந்த வருஷம் மாடிக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்புல வச்சிக்கிட்டாரு.

— கொடியில காயப் போட்ட வேட்டியைக் காக்கா தூக்கிட்டுப் போகுது. அதான் பூட்டு. இப்போ விளக்குக் கதைக்கு வா. விளக்கு என் மீட்டர்ல தோத்துப் போச்சு. அதுக்குப் பதில் சொல்லு.

— சொல்றேன். ஆனா உங்க மீட்டரை நான் தொட மாட்டேன். அது இருக்கிற இடத்துலயே இருக்கட்டும். டில்லி, உன் மீட்டரைக் குடு.

— இந்தா டீச்சர். செவப்புக் கம்பி ஒட்டுப் போட்டது, பாத்துப் புடி.

— மாமா, பாருங்க. இது வோல்ட் அளக்கிறது. நடுவுல நிக்காது, பக்கத்துல நின்னு பாத்துட்டுப் போயிரும். கட்டையோட ரெண்டு முனையிலயும் வைக்கிறேன். நீங்களே படிங்க.

— கண்ணாடி எங்க… ஆ. ஒண்ணு புள்ளி சுழி ஆறு.

— சரி. இப்ப கட்டையை விட்டுட்டு, விளக்கு வாயில வைக்கிறேன். நடுவுல தாத்தா மீட்டர் அப்படியே இருக்கு. இப்ப?

— சுழி புள்ளி… இது சரியா வேலை செய்யுதாலே, டில்லி?

— நேத்துதான் கட்டை மாத்தினேன் முதலாளி. உன் கடைக் கட்டைதான்.

— சுழி புள்ளி அஞ்சு ரெண்டு.

— கட்டையில இருந்து கிளம்பினது ஒண்ணுக்கு மேல. விளக்குக்கு வந்து சேர்ந்தது அதுல பாதி. மிச்சம் எங்க போச்சு மாமா?

— எங்க அப்பா மீட்டர் திருடிருச்சுன்னு சொல்லுதியா?

— சத்தியமா இல்ல. அளக்கிறதுக்கு அது ஒரு கூலி எடுத்துக்குது. எந்த மீட்டரை நடுவுல வச்சாலும் எடுக்கும். இது ரொம்பப் பழசு, உள்ள கம்பி மெல்லிசு, முனையெல்லாம் களிம்பு. அதனால ஜாஸ்தியாவே எடுக்குது. புதுக் கட்டை மூணு போட்ட டார்ச்சுன்னா அந்தக் கூலி தெரியாது. இது ஒத்தைக் கட்டை, அதுவும் கெழட்டுக் கட்டை. அதுகிட்ட இருக்கிறதே கொஞ்சம்தான். அதுலயும் பாதியை வழியிலயே வாங்கிட்டா, என் டிரான்சிஸ்டர் கண்ணு முழிக்கவே முடியாது.

— இன்னா டீச்சர், முதலாளி அப்டியே ஒக்காந்துட்டாரு. தண்ணி எதுனா கொணாரட்டா?

— வேண்டாம். ஜெமிமா, நீ சொல்லுதது மெய்யின்னா, இத்தனை வருஷமா முள்ளு தாண்டலைன்னு நான் டப்பாவுல போட்ட கட்டை எல்லாம்?

— பாதிக்குப் பாதி உசுரோட இருந்தது மாமா.

— எங்க அப்பா போட்டது?

— அதுவும்தான்.

— அப்போ நாங்க ரெண்டு பேரும் ஊரை ஏமாத்தியிருக்கோம்.

— இல்ல மாமா, அதை மட்டும் சொல்லாதீங்க. நல்ல கட்டையைச் செத்ததுன்னு தூக்கிப் போட்டீங்க. செத்த கட்டையை நல்லதுன்னு ஒருத்தர் கையிலயும் குடுக்கலை. நட்டம் கடைக்குத்தான், வாங்கினவங்களுக்கு இல்ல. இந்த மீட்டர் உங்க பக்கம் ஒருநாளும் சாயலை.

— இன்னொரு தடவ சொல்லு.

— இந்த மீட்டர் உங்க பக்கம் ஒருநாளும் சாயலை.

— அது போதும். எங்க அப்பாவுக்கு அது போதும். சரி. மீட்டரை எடு.

— நானா மாமா?

— நீதான். ரெண்டு கையால எடு. அப்படி ஓரமா, அவரு படத்துக்குக் கீழ வையி. புதுக் கட்டைக்கு அது இருக்கட்டும். இதுக்கு வேண்டாம்.

— வச்சுட்டேன்.

— இப்போ சுவிட்சைப் போடு. ஏலே, நீ கதவு வெளிச்சத்தை மறைச்சுக்கிட்டு நில்லு.

— நின்னுக்கினேன். போடு டீச்சர். அட்றா சக்கை! எரியுது பாரு நைனா! சாரி, முதலாளி! அலமாரி மேல் தட்டு வரிக்கும் தெரியுது. தாத்தா படத்துல மீசைகூடத் தெரியுது!

— படத்துப் பக்கமா திருப்பு, ஜெமிமா. ம். இன்னும் கொஞ்சம். சரி, அவரு பாத்தாச்சு.

— அப்போ பேரு போடலாமா மாமா?

— இரு. பேரு போடறதுன்னா அதுக்கு ஒரு முறை இருக்கு. செத்த கட்டையை ஞானமுத்து ஸ்டோர்ஸ் விக்காது. ஒரு பைசாவுக்கும் விக்காது. அந்த டப்பாவைக் கடை வாசல்ல வையி. கசிஞ்ச கட்டையைப் பொறுக்கி எடுத்துட்டு, மிச்சத்தை விளக்கு வச்சிருக்கவன் எவனும் சும்மா அள்ளிட்டுப் போகட்டும். இன்னாரு செத்த கட்டையைக் காசாக்கினான்னு ஒரு வாய் பேசக் கூடாது. சம்மதமா?

— சம்மதம் மாமா.

— விளக்கு ஒண்ணு ஒண்ணையும் நீ எரிய வச்சுப் பாத்துத்தான் குடுக்கணும். வாங்குறவன் கண்ணு முன்னால. அந்த வழக்கம் மாறாது.

— மாறாது.

— கடைப் பேரு மேல. அதுக்குக் கீழ, "செய்தது ஜெமிமா ஆசீர், டில்லிபாபு".

— என் பேரா? முதலாளி, எங்க ஆயா கெங்கம்மா இத்தப் பாத்தா வியாசர்பாடி பூரா தம்பட்டம் அடிச்சுரும்.

— அடிக்கட்டும். எழுத்துப் பிழை இல்லாம அடிக்கச் சொல்லு. எம் மகன் ஆசீர்கிட்ட இருந்து இன்னைக்குப் போன் வந்தா நீயே சொல்லிரு, ஜெமிமா. கப்பல்ல இருக்கவனுக்கும் ஒண்ணு எடுத்து வையி.

— மாமா, ஒண்ணு கேக்கவா? காலையில வரைக்கும் முடியவே முடியாதுன்னு நின்னீங்க. மீட்டர் சொன்னது தப்புன்னு நான் சொன்னதும் இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கிடுவீங்கன்னு நெனைக்கவே இல்ல. உங்க அப்பா மீட்டரைவிட என் பேச்சை நம்பினீங்களா?

— உன் பேச்சை எதுக்கு நம்பணும்? எனக்குக் கண்ணு இல்லியா? ஒரு பக்கம் என் கண்ணு ஒண்ணு சொல்லுது, இன்னொரு பக்கம் எங்க அப்பா மீட்டர் வேற சொல்லுது. ரெண்டுல எதுன்னு தெரியாம பத்துப் பதினஞ்சு நாளா தூக்கம் இல்ல.

— பதினஞ்சு நாளா? இன்னைக்குத்தானே மீட்டர்ல மாட்டினோம்?

— அது… தாமோதரன் சைக்கிள் மணி கேக்குது. முந்தானையைச் சரி பண்ணு. டில்லி, பெஞ்சுல இருக்க குப்பையை எடு.

— அவருதான். கூட சங்கத்து ஆளுங்க ரெண்டு பேரு வர்றாங்க முதலாளி. மூஞ்சைப் பாத்தா நம்புற மாதிரி தெரியல. மூணு பேரும் டப்பாவையே பாத்துகினு வர்றாங்க.

— வாரும் தாமோதரன், உள்ள வாரும். என்ன, வாசல்லயே நின்னு யோசிக்கீரு? செத்த கட்டையில விளக்கு எரியுமா, மழை தாங்குமா, எத்தனை ராத்திரிக்கு நிக்கும்னுதானே? விளக்கை அப்புறம் பாரும். முதல்ல அப்படியே திரும்பி, எதுத்தாப்புல எங்க வீட்டு மாடியைப் பாரும். ஒண்ணாந்தேதியில இருந்து தெருவே அண்ணாந்து பாக்குத எங்க நட்சத்திரத்துக்குள்ள எரியுறது, எம் மருமக மொதல்ல செஞ்ச விளக்கு. அதுக்கு நான் போட்டது, எங்க அப்பா மீட்டர் செத்துப் போச்சுன்னு தள்ளின கட்டை.